தாம்பாளத்தை விட்டு நான் எழுந்த காரணம்

மகனே,

உன் கோபம் இன்னும் ஆறவில்லை என்று பஸ் கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தை மாதம் போனவன், மாசி முடியப் போகிறது, ஒரு வரி எழுதவில்லை. புளி உலுக்குகிற காலத்தில் கூட வராத மகன் என்ன மகன் என்று உன் அம்மா தினமும் என்னைத்தான் திட்டுகிறாள், உன்னை அல்ல. இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் முழுதாகப் படி. உன்னோடு ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை செய்து, ஒரே அறையில் தங்கியிருக்கிற பையன்கள் அன்றைக்கு உன் பரிசத்துக்கு வந்திருந்தார்களே, அவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. அவர்கள் முன்னால்தானே உனக்குத் தலைகுனிவு வந்தது? அவர்கள் முன்னாலேயே அது தீரட்டும். நான் எழுதப் போவது கொஞ்சம் நாற்றமடிக்கிற விஷயம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பச்சையம்மா வீட்டில், பரிசச் சாப்பாட்டின் நடுவே நான் எழுந்தது அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் அல்ல. அவள் அப்பன் காளியப்பன் மேலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வயிற்றில் காற்று கட்டிக்கொண்டது. அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உன் நண்பர்கள் கீழூர்க்காரர்கள், நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். நம் மலையில் இந்த நாலைந்து ஊர்களில் பரிசத்தன்று பிள்ளையின் அப்பனும் பெண்ணின் அப்பனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிட வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகக் கை வைக்க வேண்டும், ஒன்றாக எழ வேண்டும். ஊர் சுற்றி நின்று பார்க்கும். இதில் ஒருவன் முந்தி எழுந்துவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பது. வாயால் சொல்லி மனஸ்தாபம் வளர்க்க வேண்டாம், எழுந்தாலே போதும் என்று முன்னோர் வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வைத்தவர்களுக்கு அப்போது வயிறு நன்றாக இருந்திருக்கும் போல.

அன்று காலையில் நான் எதுவும் சாப்பிடவில்லை. பெரிய விருந்து இருக்கிறதே என்று வெறும் வயிற்றோடு மலை ஏறி இறங்கி வந்தேன். உன் அம்மா வழியிலேயே எச்சரித்தாள். "இன்னாய்யா, அங்க போய் மொச்சைய வாரிக் கொட்டிக்காத. உன் வயிறு பழைய வயிறு இல்ல" என்றாள். "எனக்குத் தெரியும், நீ நட" என்றேன். போய் உட்கார்ந்தால் புதுச் சாமைச் சோறு, தாம்பாளம் நிறைய. அதன் மேல் புது மொச்சைக் குழம்பு. தங்கள் காட்டில் இந்த வருஷம் விளைந்த முதல் மொச்சை என்று பெண்ணின் அம்மா பெருமையோடு கரண்டி கரண்டியாக ஊற்றினாள். எப்படி வேண்டாம் என்பது? எனக்குக் கடவாய்ப் பற்கள் போய் வருஷக்கணக்காகிறது. காளியப்பன் வேகமாகச் சாப்பிடுகிறவன், அவனுக்கு ஈடு கொடுக்க வேண்டுமே என்று நானும் அள்ளி அள்ளி முழுங்கினேன். அப்புறம் தினைப் பாயசம், கறந்த பாலில் காய்ச்சியது, இரண்டு சொம்பு. நடுவில் நெஞ்சைக் கரித்தது என்று உன் சித்தப்பன் கொண்டு வந்திருந்த கோலி சோடாவையும் உடைத்துக் குடித்தேன். எவனாவது செய்வானா?

பாயசம் பாதி இருக்கும்போதே வயிறு மத்தளமாகிவிட்டது. முதலில் பொறுத்தேன். இடுப்புக் கயிறு அறுத்தது. நெற்றியில் வேர்த்தது. நீ கூட "இன்னாப்பா, காரமா?" என்று கேட்டாய். காரம் என்று தலையாட்டினேன். அடக்க அடக்க உள்ளே உருளுகிற சத்தம் எனக்கே கேட்டது, காளியப்பனுக்கும் கேட்டிருக்கும். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் புதுச் சம்பந்தி முகத்துக்கு நேரே, பெண்ணின் அம்மா பரிமாறிக்கொண்டிருக்கும்போதே, ஊர் கேட்க வெளியே வந்துவிடும். மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தேன். எழுந்தேன், ஓடினேன், சாமைத்தாள் போருக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கட்டியிருந்த ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது.

திரும்பி வரும்போது தாம்பாளத்தை எடுத்துவிட்டார்கள். காளியப்பன் கையைக் கழுவாமல் அப்படியே நின்றான். அவர்கள் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர்தான் கேட்டார், "இன்னா கவுண்டரே, பொண்ணு புடிக்கலன்னா மின்னாடியே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "ஒண்ணும் இல்லீங்க, அப்பால பேசிக்கலாம்" என்றேன். அதைவிட மோசமான ஒரு வார்த்தையை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது. பெண் வீட்டுப் பெண்கள் எல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நம் வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு பேச்சுப் பேசினாய். "ரெண்டு ஓடை தாண்டி இன்னாத்துக்குடா பொண்ணுன்னு அன்னைக்கே கேட்டவன்தான நீ? இஷ்டம் இல்லாமதான் வந்த" என்றாய். அதைக் கேட்டது நிஜம். ஆனால் நீ அவளைத்தான் கட்டுவேன் என்றதும் அந்தப் பேச்சை அன்றோடு விட்டுவிட்டேன். நீ காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். உன் அம்மா உண்மையைச் சொல்ல உன் பின்னாலேயே ஓடி வந்தாள், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஏன் நிறுத்தினேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே கோபம் வருகிறது. நீ சின்னப் பையனாக இருந்தபோது பனி நாட்களில் அடுப்படியில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுத் தின்போம், ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் யார் விட்டது என்று பெரிய விசாரணை நடக்கும். நீ நாயைக் காட்டுவாய், நாய் எழுந்து வெளியே போகும், உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அன்றைக்கு யாருக்கும் வெட்கம் இல்லை. அதே காற்று, அதே அப்பன். வயதாகிவிட்டால் மட்டும் அது அவமானமாகிவிடுகிறது. கிழவன் அடக்கத் தெரியாதவன் ஆகிவிட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் சந்தைக்குப் போனால் சாப்பிடுவதில்லை, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காருவது, கல்யாண வீட்டில் மொய் வைத்துவிட்டு வயல் வேலை என்று கிளம்பிவிடுவது, இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனிக்க விடவில்லை.

நீ போன பிறகு உன் அம்மா என்னை விடவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வர்றியா, இல்ல நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போவட்டுமா?" என்று நின்றாள். மலை இறங்கிக் கீழே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. உன் தங்கை வயதுதான் இருக்கும். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்தேன், உன் அம்மாவே எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள், ஆடு ஓடியது உட்பட. டாக்டரம்மா சிரிக்கவில்லை. படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். உடம்பு இளைத்ததா, வெளிக்குப் போனால் ரத்தம் வருகிறதா, கருப்பாகப் போகிறதா, ராத்திரி வலியில் முழிப்பு வருகிறதா என்றெல்லாம் கேட்டாள். இல்லை என்றேன். இருந்தால் அது வேறு விஷயம், வயசு என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். இதை நீயும் ஞாபகம் வைத்துக்கொள்.

அப்புறம் கேட்டாள், "பெரியவரே, மொச்சைய எப்படி மெல்றீங்க?"

"மெல்றதில்லீங்க. முழுங்கறேன்" என்றேன்.

"அப்போ பல்லு செய்ய வேண்டிய வேலைய வயிறு செய்யணும். வயித்துக்கும் வயசாயிட்டுதே, அது யாருகிட்ட போய் அழும்?" என்றாள். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். வயதாக வயதாக நம் காலும் கையும் தளர்வது போலக் குடலும் தளர்கிறதாம். சோற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போகிற வேலையை மெதுவாகச் செய்கிறது. மொச்சை, அவரை, கொள்ளு இதிலெல்லாம் மனுஷக் குடலால் எந்த வயதிலும் கரைக்க முடியாத ஒரு பங்கு இருக்கிறது. அது பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே காலம் காலமாகக் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்கின்றன. தின்னும்போது காற்று உண்டாகிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்தால் மறுநாள் நுரைத்துக்கொண்டு நிற்கிறதே, அது மாதிரிதான். சின்ன வயதிலும் இந்தக் காற்று உண்டானதுதான், ஆனால் குடல் சுறுசுறுப்பாக இருந்ததால் அதுபாட்டுக்கு வெளியேறியது, நாமும் காட்டில் ஓடியாடிக்கொண்டிருந்தோம். இப்போது சாப்பாடும் தங்குகிறது, காற்றும் தங்குகிறது, வயிறு உப்புகிறது. பாலில் இருக்கிற இனிப்பைக் கரைக்கிற சாறும் பல பேருக்கு வயது ஏற ஏறச் சுரப்பது குறைந்துவிடுமாம், அதனால்தான் பாயசம் என்னைப் பழி வாங்கியது. மோர் என்றால் அவ்வளவு தொல்லை இல்லை என்றாள். தாகம் தெரியாமல் தண்ணீர் குறைவாகக் குடிப்பது, அதனால் மலம் கட்டிப்போவது, பல்லில்லாமல் அவசரமாக முழுங்கும்போது சோற்றோடு காற்றையும் முழுங்குவது, எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கூத்து. சோடாவைப் பற்றிக் கேட்டேன். "அதுல இருக்கிறதே காத்துதாங்க, நெருப்பு மேல இன்னாத்துக்கு மண்ணெண்ண?" என்றாள். அது தெரியாமல் இரண்டு வருஷமாகச் சந்தைக்குச் சந்தை சோடா குடித்தவன் உன் அப்பன்.

இதில் ஒன்று கூட அவமானப்பட வேண்டிய விஷயம் இல்லை என்றும் அவள் சொன்னாள். மலை ஏறுகிற பஸ்ஸில் வரும்போது உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பாதி மலையில் திடீரென்று கேட்டாள், "அப்போ மாமாவும் அதுக்காகத்தான் பரண்ல போய்த் துன்னாரா?"

மாமா என்றால் உன் தாத்தா, என் அப்பன். அவர் கடைசிக் காலத்தில் வீட்டில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடமாட்டார். சட்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பரணுக்குப் போய்விடுவார். சாப்பிட்டு நெடுநேரம் கழித்துத்தான் இறங்கி வருவார். கேட்டால் காட்டுப்பன்றி வருகிறது, காவல் இருக்கிறேன் என்பார். பயிர் அறுத்த பிறகு வெறும் காட்டுக்கு என்ன காவல்? மருமகள் கைச் சமையல் பிடிக்கவில்லை, அதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார் என்று ஊர் பேசியது. உன் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். புளியைக் குறைத்துப் பார்த்தாள், காரத்தைக் குறைத்துப் பார்த்தாள், நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். தினமும் அவருக்கென்று கொள்ளுக் குழம்பு வைப்பாள், சத்து என்று. அவர் அதையும் வாங்கிக்கொண்டு பரணுக்குத்தான் போனார். அவர் செத்த அன்று எல்லாரையும்விட அதிகமாக அழுதவள் உன் அம்மா. கடைசி வரைக்கும் என் கையால் சந்தோஷமாகச் சாப்பிடவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

"தெரியல. இருக்கலாம்" என்றேன் பஸ்ஸில்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கஞ்சி வெச்சிக் குடுத்திருப்பனே! கொள்ளப் போட்டுப் போட்டு நானே அந்த மனுசன வதைச்சிட்டனே!" என்றாள். பஸ் என்று கூடப் பார்க்காமல் அழுதாள். என் அப்பன் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இவள் இத்தனை வருஷம் குற்றவாளி போல் வாழ்ந்திருக்கிறாள். இப்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு ஒன்றுமே செய்யாத அந்தப் பெண் பச்சையம்மா, சம்பந்தி தாம்பாளத்தை விட்டு எழுந்துபோன பெண் என்ற பேரோடு நிற்கிறாள். பரிசம் முறிந்த பெண்ணை நம் பக்கம் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். சிரித்தால் சிரிக்கட்டும், இதை ஊரைக் கூட்டிச் சொல்லித் தீருவது என்று.

மறுவாரமே போனேன். உன் அம்மாவும் நம் ஊர்க்கவுண்டரும் கூட வந்தார்கள். காளியப்பன் உட்காரச் சொல்லவில்லை. அவர்கள் ஊர்க்கவுண்டரிடம் சொல்லி ஆட்களைக் கூப்பிட வைத்தேன். அன்றைக்கு யார் யார் இருந்தார்களோ அவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எல்லாரும் வந்து புளிய மரத்தடியில் உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னேன், "பொண்ணு மேல குத்தம் இல்ல, பொண்ணப் பெத்தவங்க மேலயும் குத்தம் இல்ல. எனக்கு வயித்துல காத்து. அடக்க முடியல. உங்க மின்னாடி வுட்டுட்டா அசிங்கம்னு எழுந்து ஓடனேன். அப்பவே சொல்ல வெக்கப்பட்டேன். அதான் நடந்தது" என்று. பின்னாலிருந்து ஒரு கிழவர், "நம்ம கூட்டத்துல வந்து சேந்தியா, வா வா" என்றார். மரத்தடியே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரிக்காதவள் பெண்ணின் அம்மா ஒருத்திதான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏங்க, மொச்ச ஒத்துக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற கொழம்பு வெச்சிருக்க மாட்டனா? இன்னா கொற வெச்சோம்னு ஒரு மாசமா சோறு எறங்காம கெடக்கறேன் நான்!" என்று கத்தினாள். கத்தட்டும், அவளுக்கு அந்தப் பாக்கி இருக்கிறது. கத்திவிட்டு உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். சாமையைக் குழையக் கஞ்சி வைத்து, மோர் ஊற்றி, முருங்கைக் கீரை வதக்கி அதே தாம்பாளத்தில் கொண்டு வந்து வைத்தாள். வழக்கம் வழக்கம்தானே, காளியப்பனும் அதையேதான் சாப்பிட வேண்டும். "உன் வயித்துக்கு எனக்கு இன்னாத்துக்குய்யா தண்டன?" என்று முனகிக்கொண்டே கை வைத்தான். இந்தத் தடவை நான் அவன் வேகத்துக்குப் போகவில்லை. என் வேகத்துக்கு அவனை இழுத்தேன். நிதானமாக மென்று, நடு நடுவே பேசி, வெயில் சாயும்வரை சாப்பிட்டோம். ஒன்றாக எழுந்தோம்.

உனக்கு நான் சொல்ல நினைத்த புத்திமதி எல்லாம் இவ்வளவுதான். பல்லைக் காப்பாற்று. மென்று தின். பயறு வகைகளை ராத்திரியே ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வை. சாப்பிட்டதும் பாயில் விழாமல் கொஞ்ச தூரம் நட. உனக்கும் ஒரு நாள் இந்த வயிறு வரும், என் அப்பனிடமிருந்து எனக்கு வந்தது போல. அப்போது பரணைத் தேடிப் போகாதே. பக்கத்தில் இருக்கிறவளிடம் முதலில் சொல்லு.

எழுந்தோம் என்றேன் அல்லவா, இதற்கு மேல்தான் உனக்கு வேலை. இரண்டு ஊர்க்கவுண்டர்களும் பங்குனியில் நாள் பார்க்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்போது பச்சையம்மா கதவோரத்திலிருந்து வெளியே வந்தாள். அழுகை எல்லாம் இல்லை, நிமிர்ந்துதான் நின்றாள். "மாமா, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "நீங்க தாம்பாளத்த வுட்டு எழுந்தீங்க, இன்னாத்துக்குன்னு நடந்து வந்து ஊர் மின்னாடி சொல்லிட்டீங்க. அவரு ஊர வுட்டே எழுந்து போய்ட்டாரே, என்கிட்ட ஒரு வார்த்த சொன்னாரா? ஒரு கடுதாசி போட்டாரா? அவருக்கு வயிறு சரியில்லீங்களா, மனசு சரியில்லீங்களா? அவரே வந்து சொல்லட்டும். அப்பால நாள் பாருங்க." அவள் அம்மா அதட்டினாள். காளியப்பன் பேச வாயெடுத்தான். நான்தான் தடுத்தேன். அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு? உன் கோபம் என் மேல். என் மேல் இருந்த கோபத்தில் அவளைத்தானே விட்டுப் போயிருக்கிறாய்.

உனக்காக எவ்வளவோ பேசுவேன், இதை நான் பேசமாட்டேன். காளியப்பனிடமும் சொல்லிவிட்டு வந்தேன், என் மகன் வந்து பேசினால்தான் நாள், இல்லையென்றால் பெண்ணை வேறு இடத்தில் கொடுங்கள், நானே முன்னால் நின்று நடத்தி வைக்கிறேன் என்று. வீறாப்புக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி வா. நம் வீட்டுக்கு வராதே, நேராக அங்கே போ. போய் நின்று, ஏன் போனாய் என்று உன் வாயால் சொல். கஷ்டமாகத்தான் இருக்கும். நான் என் வயிற்றைப் பற்றி ஊரைக் கூட்டிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். நீ பேச வேண்டியது ஒரே ஒரு பெண்ணிடம்தான்.

உன் அப்பா